லிட்டுவோட குரல்

இந்தக் குரலை முன்னாடியே கேட்ட மாதிரி இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்மா எனக்கு. நிஜமாத்தான் சொல்றேன். பஸ் இன்னும் அணைக்கரைகூடத் தாண்டல, அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்க. என்னைக் கண்டுபிடிக்க வேண்டியவன் கண்டுபிடிக்கல. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

உங்களுக்கு என்ன, இருபத்தஞ்சு வயசு இருக்குமா? அப்ப சின்னப்பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டி.வி.யில 'பல்லிக்குட்டி லிட்டு' பாத்திருப்பீங்களே? சிரிக்கிறீங்க. பாத்திருக்கீங்க. எங்கியாவது மோதி வாலு அறுந்து விழும், உடனே திரும்பிப் பாத்து, "அய்யய்யோ, வாலு போச்சே!" அந்த லிட்டு நான்தான். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். பேரு சந்திரிகா. பேரு தெரிஞ்சிருக்காது, எங்க பேரை யாரு போடறா? படம் எந்த நாட்டுப் படமோ, தமிழ்ல அதுக்கு உயிர் குடுத்தது இந்தத் தொண்டை. அந்த 'வாலு போச்சே' இருக்கு பாருங்க, அது எழுதிக் குடுத்த பேப்பர்லயே கிடையாது. மைக் முன்னாடி நின்னப்ப தானா வாயில வந்தது.

டாக்டர் என்னை அதிகம் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஆனா இதை யார்கிட்டயாவது சொல்லலேன்னா மூச்சு முட்டும். பையன்கிட்ட சொன்னா "விடும்மா"ங்கிறான். மருமக அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறா.

போன ஆடி மாசம் ஒரு பையன் போன் பண்ணான். நிவேதன்னு பேரு. கோயம்புத்தூர்ல ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. "அம்மா, நாங்க லிட்டு ரசிகர்கள். லிட்டுவை வச்சு ஒரு சின்ன கேம் பண்றோம். காசுக்கு இல்லம்மா, ஆசைக்கு. யாரு வேணா சும்மா ஆடிக்கலாம். நீங்க குரல் குடுப்பீங்களா?" நான் அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா ஒரு டப்பிங் தியேட்டர் படியும் ஏறல. கூப்பிட்டாத்தானே ஏற? சரின்னுட்டேன்.

சாலிகிராமத்துல எங்க வீட்டுக்கே வந்தான். வந்ததும் கால்ல விழுந்தான். நான் லிட்டு குரல்ல, "யாருடா அது, என் சுவத்துல ஏறினது?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், கண்ணு கலங்கிப்போச்சு. சேமியா உப்புமா பண்ணிப் போட்டேன், ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் பெட்ரூம் கதவைச் சாத்தி, பீரோவைத் திறந்து வச்சு, சத்தம் எதிரொலிக்கக் கூடாதுன்னு போர்வையெல்லாம் தொங்கவிட்டு, ரெண்டு மணி நேரம் ரெக்கார்டு பண்ணான். ஃபேன் கிடையாது. வேர்த்து ஊத்துது. "இன்னொரு தடவை அம்மா, இன்னும் கொஞ்சம் சின்னப்பிள்ளையா." "இன்னொரு தடவை அம்மா, இன்னும் கொஞ்சம் பயந்த மாதிரி." நானும் முகம் சுளிக்கல. கிளம்பும்போது, "அம்மா, உங்களை மறக்க மாட்டோம்"னான். அவன் வாயாலதான் சொன்னான்.

ரெண்டு மாசத்துல கேம் வந்துடுச்சு. லிங்க் அனுப்பினான், மருமக என் போன்ல போட்டுக் குடுத்தா. இருங்க, சொல்றேன், ரொம்ப சின்ன விளையாட்டு. ஒரு வீட்டுச் சுவர். அதுல லிட்டு. மேல டியூப்லைட் எரியுது. அங்க போய்ச் சேரணும், அவ்வளவுதான். வழியில காலண்டர், கடிகாரம், சாமி படம், எல்லாத்தையும் சுத்திப் போகணும். கீழேருந்து ஒரு விளக்குமாறு வந்து அடிக்கும். பட்டுதுன்னா வாலு விழும், லிட்டு கத்துவான். மூணாவது வாலும் போச்சுன்னா முதல்லேருந்து. டீ ஆறுறதுக்குள்ள ஆடி முடிச்சுடலாம்னு பசங்க சொல்றாங்க. என்னால ஒரு தடவைகூட டியூப்லைட்டைத் தொட முடியல. காலண்டர்கிட்டயே விளக்குமாறு வந்துடும்.

ஆனா குரல் கேட்டேன் பாருங்க! என்ன சுத்தம், என்ன குறும்பு. அடடா, எனக்கு இன்னும் இப்படி வருதான்னு எனக்கே பெருமை தாங்கல. கீரைக்காரம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மாடி வீட்டுக்கு, பேங்க்ல, டாக்டர் வீட்டு வரவேற்புல உக்காந்திருக்கிற பொண்ணுக்கு, எல்லாருக்கும் காட்டினேன். "ஐம்பத்தெட்டு வயசுல பேசினது. நம்ப முடியுதா?"ன்னு கேப்பேன். எல்லாரும் வாயைப் பொளந்தாங்க.

அந்தச் சமயத்துலதான் என் பையன் தாம்பரத்துல ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சினான். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கோம், புது டி.வி., சுவரு மாதிரி பெருசு. நான்தான் சொன்னேன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. "அந்த கேமை இதுல போடேன்டா, எல்லாரும் பாக்கட்டும்"னேன். மருமகளோட தம்பி ஆடினான். லிட்டு கத்துறான், ஜனங்க சிரிக்குது, என்னைப் பாத்துக் கை தட்டுது. நானும் பட்டுப்புடவையைச் சரி பண்ணிக்கிட்டு நிமிந்து உக்காந்திருக்கேன்.

அவன் டியூப்லைட்டைத் தொட்டுட்டான்.

தொட்டதும் பாட்டு வந்துச்சு. பேரெல்லாம் கீழேருந்து மேல போகுது. படம் வரைஞ்சது இன்னார், இசை இன்னார். அப்புறம் பெரிய எழுத்துல, 'லிட்டுவின் குரல்: அமிர்தவல்லி.' என் சம்பந்தியம்மா இருக்காங்களே, அவங்களுக்குக் கண்ணாடி போடாமலே நல்லாப் படிக்க வரும். சத்தமாப் படிச்சுட்டு, "அமிர்தவல்லிங்கிறது உங்க இன்னொரு பேரா சம்பந்தி?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள கடைசியா ஒரு வரி வந்துச்சு. 'நன்றி: சந்திரிகா அம்மா (உப்புமாவுக்கும்).'

உப்புமாவுக்கும்! படிச்சீங்களான்னு கேட்டா படிச்சோம்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் போய் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன்.

யாரு இந்த அமிர்தவல்லின்னு கேப்பீங்க. என் சிநேகிதி. ஒண்ணா க்ரௌடு குரல் பேசி முன்னுக்கு வந்தவங்க நாங்க. சந்தையில சத்தம் போடுற பொம்பளைங்க, கல்யாண வீட்டுல பேசுற பொம்பளைங்க, எல்லாம் நாங்கதான். லிட்டு ஆரம்பிச்சப்ப முதல்ல கொஞ்ச நாள் அவதான் பேசினா. கொஞ்ச நாள்தான். அப்புறம் அவளுக்குத் தொண்டையில சின்னதா முடிச்சு மாதிரி வளர்ந்து, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ஒரு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. படம் வாராவாரம் போயாகணும். அவளே என் வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீ ஒரு மாசம் பாத்துக்கோ சந்திரிகா. வேற யாராவது உள்ள வந்துட்டா அப்புறம் எனக்குக் கிடைக்காது."

என் சமையல்கட்டுல உக்காந்துதான் சொல்லிக்குடுத்தா. நாக்கைக் கீழ்ப்பல்லுல ஒட்டிக்கோ, கன்னத்தை உள்ள இழு, மூச்சை விடாம பேசு, கடைசி எழுத்துல மட்டும் விடுன்னு. நானும் கேட்டுக்கிட்டேன், மரியாதைக்கு. சொல்லிக்குடுத்தா வர்ற விஷயமாம்மா இது? பிறவியிலயே இருக்கணும். முதல் நாள் மைக் முன்னாடி நின்னேன், சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து, "ஆள் மாறினதே தெரியலம்மா"ன்னாரு. அதுதான் எனக்குக் கிடைச்ச விருது.

ஒரு மாசம் கழிச்சு அமிர்தா வந்தா. குரல் கொஞ்சம் சின்னதா இருந்துச்சு, மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு. தியேட்டர் மேனேஜர் சொன்னாரு, "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கு. சந்திரிகாவே ஓட்டிட்டு இருக்கட்டும், நடுவுல எதுக்கு மாத்திக்கிட்டு?" அமிர்தா என்னைப் பாத்தா. நான் என்னம்மா பண்ணட்டும்? நானா கேட்டு வாங்கினேன்? வாயே திறக்கல நான். இதே வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவளைப் பத்தித் தப்பாச் சொல்லியிருந்தா நாக்கு அழுகிடும். சும்மாதான் நின்னேன்.

அவ உடம்பை அவதான் பாத்துக்கிட்டிருக்கணும். டாக்டர் கத்தக் கூடாதுன்னாரு. இவ பேய்ப் படத்துக்கு அலறப் போனா, எழவு வீட்டுச் சீனுக்கு ஒப்பாரி வைக்கப் போனா. "ஏண்டி இதெல்லாம் ஒத்துக்கிற?"ன்னு கேட்டேன். "இதுதானடி கூப்பிடறாங்க"ன்னா. பிடிவாதக்காரி. ரெண்டே வருஷத்துல குரல் மொத்தமாப் போச்சு. அப்புறம் பையனோட கும்பகோணத்துக்கே வந்துட்டா. நானும் வரணும் வரணும்னு இருந்தேன். எங்க நேரம்? லிட்டு நிக்காம ஓடிக்கிட்டிருந்துச்சே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பால் காய்ச்சின மறுநாள் நிவேதனைப் போன்ல பிடிச்சேன். "ஏம்ப்பா, நான் வேர்வை சொட்டச் சொட்டப் பேசிக் குடுத்தேன். அதுக்கு யாரு பேரையோ போட்டிருக்க?"

அவன் ரொம்ப மெதுவாப் பேசினான். "அம்மா, கோவப்படாதீங்க. நீங்க பேசினதை நாங்க கேம்ல வைக்கலம்மா."

"என்னது?"

"வயசாயிடுச்சில்லம்மா, குரல்ல அந்தச் சின்னப்பிள்ளை வரல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதனால பழைய படத்துலேருந்து எடுத்துப் போட்டோம். முதல்ல வந்ததெல்லாம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அது அமிர்தவல்லி அம்மா பேசினதுன்னு ஒரு பழைய சவுண்ட் இன்ஜினியர் சொன்னாரும்மா. எங்களுக்கும் அதுவரைக்கும் தெரியாது."

"அது என் குரல்டா! என் குரல் எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. அந்த 'வாலு போச்சே' முதல் நாள் வந்த கதையிலயே இருக்கும்மா. நீங்க பேசினதுன்னு பேட்டியில சொல்லியிருக்கீங்க, ஆனா..."

பாருங்க எப்படிக் குடையறான்னு. மைக் முன்னாடி வாயில வந்ததுன்னு சொன்னேன். யாரு வாயிலன்னு நான் எங்கயாவது சொன்னேனா?

அதான் நேத்து பஸ் ஏறிட்டேன். அமிர்தாவை நேர்ல பாத்து அவ வாயாலயே சொல்ல வைக்கணும், லிட்டு குரல் சந்திரிகாவோடதுன்னு. அவ சொன்னா அவன் கேப்பான் இல்லையா? நல்லவ அவ. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் ஒரு குறை சொன்னதில்ல.

மகாமகக் குளத்துக்குப் பின்னாடி தெருவுல வீடு. கீழ பையனோட ஜெராக்ஸ் கடை, மேல குடித்தனம். கதவைத் திறந்ததும் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. ஏதோ சொன்னா, எனக்கு ஒண்ணும் கேக்கல. காத்து மட்டும்தாம்மா வருது. காதைக் கிட்ட கொண்டுபோய் வச்சாத்தான் வார்த்தை புரியுது. "இளைச்சுட்டியே"ன்னு சொல்லியிருக்கா. நான் இளைச்சிருக்கேனாம்!

சாப்பாடு போட்டா. எல்லாத்தையும் சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரியே. முகத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா. ரசிகர்கள் கேம் பண்ணியிருக்காங்கன்னதும் புருவம் தூக்கினா. அவ பேரு போட்டிருக்கான்னதும் எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்தா.

"அவனுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுடி"ன்னேன். அவ தொண்டையைத் தொட்டுக் காட்டினா. அப்புறம் என் காதுல, "நீயே பேசிடேன், என்னை மாதிரி. உனக்குத்தான் வருமே"ன்னா. பாத்தீங்களா? எனக்கு வரும்னு அவ வாயாலயே சொல்லிட்டா.

அவகிட்ட இருக்கிறது பட்டன் போன். அதுலேருந்து நிவேதனுக்குப் போட்டேன், ஸ்பீக்கர்ல. அமிர்தா எப்படிப் பேசுவாளோ அப்படியே, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் மெதுவா. "தம்பி, நான் அமிர்தவல்லி பேசுறேம்ப்பா. கும்பகோணத்துலேருந்து."

அந்தப் பக்கம் அவன் அழற சத்தம். "அம்மா, உங்களை எங்கெல்லாம்மா தேடினேன்? உயிரோட இருக்கீங்களான்னே யாருக்கும் தெரியலம்மா"ன்னான். அமிர்தா கையை நெஞ்சுல வச்சுக்கிட்டா.

அவன் நிறுத்தல. "எனக்கு ஆறு வயசும்மா அப்ப. அப்பா தவறிட்டாரு. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. வீட்டுல நான் மட்டும். முதல் நாள் லிட்டு முட்டையை உடைச்சுக்கிட்டு வந்து, 'யாராவது இருக்கீங்களா?'ன்னு கேப்பான். நான் டி.வி. கிட்டப் போய், 'நான் இருக்கேன்'னு சொன்னேம்மா. தினம் சொல்லுவேன்."

இதெல்லாம் என்கிட்ட சொல்லலம்மா அவன். என் வீட்டுல உக்காந்து ரெண்டு தடவை உப்புமா வாங்கிச் சாப்பிட்டவன், இதைச் சொல்லல.

நான் விஷயத்தைச் சொல்லிடணும்னு, "தம்பி, அந்தக் கேம்ல வர்ற குரல் என்னோடது இல்லப்பா. அது சந்திரிகாவோடது"ன்னேன்.

உடனே கேட்டான். "அந்தம்மா உங்களைச் சொல்லச் சொன்னாங்களாம்மா?"

அமிர்தாவைப் பாத்தேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டிருக்கா.

"நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்க. ஆனா உங்க குரல் எனக்குத் தெரியாதாம்மா? இப்பவும் அப்படியே இருக்கு. ஒரே ஒரு தடவை 'வாலு போச்சே' சொல்லுங்கம்மா, எனக்காக."

சொன்னேன். நாக்கைக் கீழ்ப்பல்லுல ஒட்டி, கன்னத்தை இழுத்துச் சொன்னேன்.

"இதுதாம்மா!" கத்தினான் அவன். "இதுக்காகத்தான் அந்தம்மாவை ரெண்டு மணி நேரம் பேசவச்சேன், வரவே இல்ல!"

போனை வச்சுட்டேன். நீங்களே சொல்லுங்க. இதைவிட ஒரு துரோகம் உண்டா? அதே தொண்டை! என் பேருல பேசினா வயசாயிடுச்சாம், அவ பேருல பேசினா அப்படியே இருக்காம். நான் அமிர்தாகிட்ட, "பாத்தியாடி, எப்படி ஏமாத்துறான்னு"ன்னு கத்துறேன், அவ சிரிக்கிறா. சத்தமே இல்லாம தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறா. கண்ணுல தண்ணி கொட்டுது. துடைக்கத் துடைக்கக் கொட்டுது. அவ்வளவு சிரிக்க அதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியல.

அப்புறம் என் காதுல, "அந்த விளையாட்டைக் காட்டு"ன்னா.

இன்னிக்குக் காலையில கிளம்புற வரைக்கும் அதையேதான் ஆடினா. அவளுக்கு ஆடவே தெரியலம்மா, பாவம். நானாவது காலண்டர் வரைக்கும் போவேன். இவ லிட்டுவை நேரா விளக்குமாறுகிட்டயே கொண்டுபோய் விடுறா. "வாலு போச்சே!" மறுபடியும் அதே இடம். "வாலு போச்சே!" "ஏண்டி, இந்தப் பக்கம் ஒதுக்குடி, குதிக்க விடுடி"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. போனைக் காதோட ஒட்ட வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஆடுறா. கண்ணை மூடிக்கிட்டு ஆடினா எப்படி டியூப்லைட்டைத் தொடுறது? ஒவ்வொரு தடவை லிட்டு கத்தும்போதும் இவளும் கூடவே வாயை அசைக்கிறா. அவ பையன் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வளர்ப்பு சரியில்ல.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. "குடுடி, கிளம்பணும்"னேன். குடுக்கல. ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டா, குழந்தை மாதிரி. என் போன் ஆச்சே, விட்டுட்டா வர முடியும்? வீட்டு நம்பரெல்லாம் அதுலதான் இருக்கு. அவ விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு.

இந்தா, பையிலதான் இருக்கு. பாக்கறீங்களா? நீங்க ஆடுங்க, நீங்க சின்னப்பொண்ணு, டியூப்லைட்டைத் தொட்டுடுவீங்க. கடைசியில பேரு வர்றதை மட்டும் படிக்காதீங்க.

ஏம்மா, என்னாச்சு? போனை வாங்காம ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்களே?